தைப்பொங்கலன்று தம்பலகாமத்து வயல் ஏன் பச்சையாக நிற்கிறது?

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அம்மாவின் ஊர் தம்பலகாமம். இம்முறை பிள்ளைகளோடு தைப்பொங்கலுக்குத் திருகோணமலை வருகிறார்கள். பொங்கலை அறுவடைப் பெருநாள் என்கிறார்கள், ஆனால் போன வருடம் பொங்கலன்று மாமா அனுப்பிய படத்தில் வயல் முழுக்கப் பச்சையாக நிற்கிறதே, அது ஏன்? எங்கள் ஊரில் எந்த முறையில் பொங்குவார்கள்? போகி, காணும் பொங்கல், ஜல்லிக்கட்டு எல்லாம் அங்கே உண்டா? பிள்ளைகளுக்கு அறுவடை வழக்கத்தைக் காட்டுவதென்றால் எப்போது வரவேண்டும்? இவைதான் அவர் கேட்டவை.

தங்கச்சி, உங்கள் முதற்கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும்.

எங்கள் மாவட்டத்தில் பெரும்போகம் என்ற மழைக்கால நெற்செய்கை வாடை மழையோடு தொடங்குவது. ஒக்டோபரில் மழை இறங்க உழவு தொடங்கும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் விதைப்பு ஐப்பசிக் கடைசி, கார்த்திகை என்று போய்விடும். இப்போது பலரும் விதைப்பது பிஜி 352, ஏடி 362 மாதிரி மூன்றரை மாத நெல். ஐப்பசிக் கடைசியில் விதைத்த நெல் தை பிறக்கிற அன்று கதிர் இன்னும் உள்ளேயே இருக்கும் குடலைப் பருவத்தில் இருக்கும், அல்லது அப்போதுதான் கதிர் தள்ளிக்கொண்டு நிற்கும். அது பழுத்து அறுவடைக்கு வர மாசியாகிவிடும். மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயல்களின் கதை வேறு. மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கங்களில் புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புப் போட்டவர்களுக்குத் தை முற்பகுதியில் சில வயல்கள் பழுத்துவிடும். ஆகவே மாமாவின் படத்தில் பிழை ஒன்றுமில்லை. பொங்கலன்று பானையில் இடும் அரிசி பல வீடுகளில் ஆவணி, புரட்டாசியில் வெட்டிய சிறுபோக (வெயில்காலச் செய்கை) நெல்லின் அரிசியாக இருக்கும். இல்லாவிட்டால் கடையரிசி.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் தைப்பொங்கல் எங்களுக்கு அறுவடைப் பெருநாள் இல்லையா என்று நினைக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் அறுவடைப் பெருநாள் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. தை முதலாம் நாள் சூரியனுக்கு. மறுநாள் மாட்டுக்கு. தைப்பூசத்தை ஒட்டிப் புதுநெல்லுக்கு. மாசி, பங்குனியில் களத்துக்கு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் முழுப் பெருநாள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு முதலாவது மட்டும் தெரிகிறது. நெல்லோடு மிக நெருங்கிய கடைசி இரண்டும் ஊரிலேயே மெல்ல மறைந்துகொண்டு வருகின்றன. அது எனக்கு உண்மையாகவே கவலையான விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தை ஒன்று. சூரியன் மகர ராசிக்குள் போகிற நேரத்தை வைத்து நாள் குறிக்கப்படுகிறது. ஒரு வருடம் 14ஆம் திகதி, இன்னொரு வருடம் 15ஆம் திகதி என்று வருவது அதனால்தான். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் பொங்கல் நேரத்தில் வேறுபடுவது வழமை. உங்கள் குடும்பம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது என்று மாமாவிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறான். தை பிறக்கும் நாட்களில் உதயம் ஏறக்குறைய காலை 6.25. அதற்கு முன்னால் அடுப்பு எரியவேண்டும், உதிக்கிற நேரத்தில் பால் பொங்கவேண்டும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும்.

முற்றத்தில் கிழக்கே பார்த்த இடத்தைக் கூட்டி, சாணம் கரைத்து மெழுகுவார்கள். சீமெந்து போட்ட முற்றமென்றால் கழுவி மஞ்சள் நீர் தெளித்தால் போதும். அரிசிமாவால் கோலம். சில வீடுகளில் உலக்கையைக் கிடத்தி, அதன் இரு பக்கமும் மாவைத் தூவி எடுத்து, நேர்கோடுகளால் சதுரம் அமைப்பார்கள். அதற்குள்ளே சூரியனும் சந்திரனும். சந்தையில் விற்கும் கோல அச்சைவிட இது வடிவு. உங்கள் அம்மம்மா வீட்டில் உலக்கை இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கப் பாருங்கள். கோலத்தின் ஒரு பக்கம் நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பிள்ளையாருக்கு ஒரு பிடி மஞ்சள் அல்லது சாணமும் அறுகம்புல்லும். பின்னால் இரண்டு கரும்பைச் சாய்த்துக் கட்டுவார்கள். கரும்பு எங்கள் மாவட்டத்துக்கு அந்நியமல்ல, கந்தளாயில் சீனித் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அங்கே பெருந்தோட்டமாகவே வளர்ந்தது.

நடுவில் மூன்று கல், அல்லது மண்ணால் பிடித்த மூன்று அடுப்புக்கட்டி. புதுப்பானையின் கழுத்தில் இஞ்சி இலை, மஞ்சள் இலை, மாவிலை கட்டி, திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஒரு முக்கியமான விஷயம் விறகு. தை பிறக்கும்போது திருகோணமலையில் மழை முற்றாக விட்டிராது. விடியப்புறம் தூறல் விழுந்து அடுப்பு புகைந்துகொண்டே இருந்தால் பால் பொங்காது. இரண்டு கிழமைக்கு முன்பே காய்ந்த தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் எடுத்துக் குசினிக்குள் வைக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் ஒரு தகரப் பந்தல் இருந்தால் இன்னும் நல்லது. மழை பெருத்தால் விறாந்தையில் பொங்குவதிலும் குற்றமில்லை. கிழக்கு நோக்கியிருந்தால் சரி.

பானையில் தண்ணீரும் பாலும் விட்டு, வீட்டுத் தலைவர் தீ மூட்டுவார். பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிழக்கே வழிந்தால் அந்த வருடம் நல்லது என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள். பொங்கியவுடன் தலைவர் இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்றுமுறை சுற்றி இடுவார். பிறகு மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு கை அரிசி போடுவார்கள். உங்கள் பிள்ளைகளும் போடவேண்டும். எந்த வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பங்கு உண்டு.

அளவையும் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ பச்சையரிசிக்கு ஒரு கை வறுத்துக் குத்திய பயறு, ஒரு பெரிய தேங்காயின் பால், ஏறக்குறைய அரிசியின் எடைக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை. சிவப்புப் பச்சையரிசி கிடைத்தால் அதையே எடுங்கள், மணம் வேறு. அரிசியும் பயறும் நன்றாக அவிந்த பிறகுதான் சர்க்கரை போடவேண்டும். முந்திவிட்டால் அரிசி மேற்கொண்டு வேகாமல் விறைத்துவிடும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய், கொஞ்சம் நெய், இருந்தால் தேன். எங்கள் மாவட்டத்துக் காட்டுத் தேன் கிடைத்தால் விடாதீர்கள்.

இறக்கியதும் தலைவாழை இலையில் படைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டித் தேவாரம் பாடுவார்கள். பலர் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தைப் பாடுவார்கள். எங்கள் ஊருக்கென்றே ஒரு பதிகம் இருக்கும்போது அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு கோயில். நகரத்தில் இருப்பவர்கள் பத்திரகாளி அம்மனிடமும் சுவாமிமலையில் கோணேசரிடமும் போவார்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர்.

பொங்கலைத் தனியே சாப்பிடுகிற வழக்கம் இல்லை. அயலுக்கு ஒரு தட்டுப் போகவேண்டும். சாவு போன்றவற்றால் துடக்கு உள்ள வீட்டில் பொங்கமாட்டார்கள். எங்கள் பக்கம் பல குடும்பங்கள் ஆட்டைத் திவசம் (முதலாண்டு நினைவு நாள்) முடியும்வரை பொங்குவதில்லை. அந்த வீட்டுக்குத்தான் முதலில் கொடுத்தனுப்பவேண்டும். முஸ்லிம் அயலவருக்கும் போகும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எல்லாவற்றிலும் தமிழர் வயலும் முஸ்லிம்கள் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவை. வரம்பில் ஒன்றாக நிற்கிறவர்களுக்குப் பொங்கல் கொடுக்காமல் இருப்பது எங்கள் முறையல்ல. கடற்கரை ஊர்களில், திருக்கடலூர், சாம்பல்தீவுப் பக்கம், இது வாடைக்காற்றால் கடல் கொந்தளிக்கும், தொழில் மந்தமான காலம். கையில் காசு குறைந்த நேரத்திலும் அங்கே பானை வைக்காமல் விடமாட்டார்கள்.

இனி மாடு. மற்ற இடங்களில் மாட்டுப்பொங்கல் என்பதை நாங்கள் பட்டிப்பொங்கல் என்போம், பட்டி என்றால் மாட்டு மந்தையும் அதை அடைக்கும் இடமும். வயலில் விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை வயற்பக்கத்தில் விட முடியாது. பயிரில் வாய் வைத்தால் சண்டை வரும், தண்டம் கட்டவேண்டி வரும். ஆகவே பெரும்போகம் முடியும்வரை பட்டிகள் காட்டோரத்து மேய்ச்சல் தரைகளில் இருக்கும். தை இரண்டாம் நாள் பட்டிக்காரர் வீட்டில் இருக்கமாட்டார், பானையோடு பட்டிக்குப் போயிருப்பார். பட்டி வாசலில் அடுப்பு வைத்து, அங்கேயே கறந்த பாலில் பொங்கல். மாட்டுக்கு மஞ்சள், குங்குமம், மாலை. மஞ்சள் நீரை மாவிலையால் தெளித்து, பொங்கலை வாழையிலையில் வைத்து முதலில் மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மனிதர் உண்பது. எருமைப் பட்டியென்றால் ஒரு சட்டித் தயிரோடு திரும்பி வரலாம்.

சம்பூர்ப் பக்கத்து ஆட்களைச் சந்தித்தால் இதைப் பற்றிக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். 2006ல் போரால் இடம்பெயர்ந்தபோது பட்டி பட்டியாக மாடுகளை விட்டுவிட்டு ஓடியவர்கள் அவர்கள். கிளிவெட்டி முகாமிலும் வேறு இடங்களிலும் வருடக்கணக்காக இருந்து, 2015க்குப் பிறகுதான் தங்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். முகாம் கொட்டில் வாசலிலும் தைப்பொங்கல் பொங்கினார்கள். பட்டிப்பொங்கல் பொங்கத்தான் பட்டி இருக்கவில்லை. இன்று அங்கே மறுபடி மாடு சேர்ந்து பட்டிப்பொங்கல் நடப்பதை நான் சாதாரண விஷயமாக நினைப்பதில்லை.

ஜல்லிக்கட்டு எங்கள் மரபில் இல்லை. 2024 ஜனவரியில் கிழக்கு மாகாண ஆளுநரின் ஏற்பாட்டில் சம்பூரில் அது நடத்தப்பட்டது, இலங்கையில் அதுவே முதல்தடவை. அதே கிழமை திருகோணமலை நகரில் 1008 பானை வைத்துப் பெரிய பொங்கல் விழாவும் நடந்தது. படம் பார்த்துத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் அது ஆழமான வழக்கம், அதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு மாட்டோடு உள்ள உறவைக் காட்டப் பட்டிப்பொங்கலே போதும். விழாவுக்குச் செலவிடும் பணத்தை மேய்ச்சல் தரைக்குச் செலவிட்டால் பட்டிக்காரர் இன்னும் நன்றாகப் பொங்குவார்கள். போகியும் காணும் பொங்கலும் இங்கே பெரிதாகக் கிடையாது. பொங்கலுக்கு முன்னால் வீட்டைக் கழுவி ஒதுக்குவோம், பழையதைத் தெருவில் எரிக்கும் வழக்கம் இல்லை.

இப்போது புதிர். நான் உங்களைக் காணச்சொல்வது இதைத்தான். தைப்பூசத்தன்று, அல்லது அதை ஒட்டிய ஒரு நல்ல நாளில், புது நெல்லில் முதற்பிடி எடுப்பதுதான் புதிர் எடுத்தல். வயல் முழுதும் பழுத்திருக்கவேண்டும் என்றில்லை. முந்தி விதைத்த துண்டிலோ வரம்போரத்திலோ பழுத்த கதிர் கொஞ்சம் இருந்தால் போதும். தலைவர் முழுகி, வெள்ளை வேட்டியோடு வயலுக்குப் போவார். வரம்பில் விளக்கு வைத்துத் தேங்காய் உடைத்து, கிழக்கே பார்த்து நின்று, தாக்கத்தியால் (அரிவாளால்) ஒரு பிடி கதிர் அறுப்பார். அதை வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து, வழியில் வீண்கதை பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். படலையடியில் வீட்டுக்காரி விளக்கோடு வந்து ஏற்றுக்கொள்வாள். கதிர் சுவாமி அறைக்குப் போகும். அதில் சில மணியைக் கையால் உமி நீக்கி, பழைய அரிசியோடு கலந்து பாற்சோறோ பொங்கலோ செய்வார்கள். முதலில் கோயிலுக்கு, பிறகு பெரியவர்களுக்கு, பிறகு எல்லாருக்கும். குடும்பம் முழுக்க ஒன்றாக இருந்து உண்ணவேண்டும், யாராவது வரத் தாமதமானால் காத்திருப்பார்கள். மிச்சக் கதிரை வீட்டு முகட்டிலோ நிலைக்கு மேலோ கட்டிவிடுவார்கள். அடுத்த புதிர் வரும்வரை அது அங்கே தொங்கும்.

பழைய ஆட்கள் புதிர் எடுக்காமல் புது அரிசியை வாயில் வைக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் இது உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நெற்புதிர் விழாவாகவே தைப்பூசத்தை ஒட்டி நடக்கிறது. எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு அமைதியாக நடப்பதால் வெளியே தெரிவதில்லை, படமும் வருவதில்லை.

கடைசி, களம். மாசி பங்குனியில் வெட்டிய நெல்லை உப்பட்டி என்ற கட்டுகளாகக் கட்டி, களத்தருகே சூடு என்ற போராக அடுக்கி, மாட்டைக் கொண்டு மிதிப்பித்த காலம் ஒன்று இருந்தது. சூடடிக்கும் இரவில் மாட்டின் பின்னால் நடப்பவர்கள் பொலி பாடுவார்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். தூற்றிக் குவித்த பொலிக்கு முன்னால் சாணப் பிள்ளையார் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகே அளவு. அளக்கும்போது முதலாவதை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று தொடங்குவார்கள். கோயிலுக்குரிய நெல்லும், உதவிக்கு வந்தவர்களின் பங்கும் களத்திலேயே பிரிக்கப்படும். வேலை முழுக்க முடிந்தபின் புது நெல்லரிசியில் களத்திலேயே ஒரு பொங்கல். மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் எடுத்தபோதும் களம் இருந்தது. இப்போது வயலுக்குள் இறங்கி வெட்டி அடித்துத் தூற்றி மூட்டைக்கு நெல்லைத் தரும் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது, எங்கள் பக்கத்தில் பலர் அதைச் சுனாமி என்றே சொல்கிறார்கள். அதன்பின் சூடு இல்லை, களம் இல்லை, பொலியும் இல்லை. இயந்திரத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆள் கிடைக்காத காலத்தில், மாசியில் திடீரென்று மழை அடித்தால் நெல்லைக் காப்பாற்றித் தருவது அதுதான். ஆனால் மூட்டை அடுக்கிய இடத்தில் ஒரு விளக்காவது ஏற்றி, கோயிற்பங்கை அங்கேயே எடுத்து வைக்கிற விவசாயிகளும் இருக்கிறார்கள். அதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். எல்லாரும் செய்யவேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் அம்மாவின் ஊருக்கு இதில் தனியிடம் உண்டு. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்து, அதன் பூசை தடைப்படாமலிருக்கக் கந்தளாய்க் குளத்தைக் கட்டி வயல் ஏற்படுத்தினான் என்பது எங்கள் மரபு. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில் பெரும்பகுதி யார் யார் கோயிலுக்கு என்ன தொழும்பு (கோயிற்பணி) செய்யவேண்டும் என்ற ஒழுங்கைப் பற்றியதே. 1622ல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபின் அதன் வழிபாடு தொடர்ந்த இடம் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் என்பதை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். குளம், வயல், கோயில் மூன்றும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்தபோது எத்தனை உயிரும் வயலும் போயின என்பதைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளக்கட்டில் நின்று கும்பிடுகிறவரைப் பார்த்தால் அது வெறும் சம்பிரதாயம் என்று பிள்ளைகள் நினைக்காதபடி இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எப்போது வருவது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால், தைப்பொங்கலுக்கு மறுநாள் திரும்புவதுபோல எடுக்காதீர்கள். தைப்பூசம் தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஒரு வருடம் ஜனவரிப் பிற்பகுதியிலும் இன்னொரு வருடம் பெப்ரவரி முற்பகுதியிலும் விழும். நாட்காட்டியைப் பார்த்து, அதற்கு இரண்டு நாள் கழித்துத் திரும்புங்கள். அவ்வளவு லீவு கிடைக்காவிட்டால் பொங்கலை அங்கே உங்கள் வீட்டிலேயே பொங்கிவிட்டுத் தைப்பூசத்துக்கு மட்டும் வாருங்கள். மாமாவுக்கு இப்போதே சொல்லி, எந்தத் துண்டு முந்திப் பழுக்கும், புதிர் எடுக்க எந்த நாள் என்று கேட்டு வையுங்கள். அவர் இப்போது புதிர் எடுப்பதை விட்டுவிட்டவராக இருந்தாலும், நீங்கள் வருகிறீர்கள் என்றால் எடுப்பார். புதிர்க் கதிரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள், விதை, கதிர் வகைகளைப் பல நாடுகளின் விமான நிலையங்களில் பறித்துவிடுவார்கள். அதை அம்மம்மா வீட்டு நிலைக்கு மேலேயே கட்டிவிட்டு வாருங்கள்.